தேவராசனுக்குக் குரல்

கொக்குவிலில், முட்டை அட்டைகள் ஒட்டிய அறைக்குள்
சியூஸுக்குக் குரல் கொடுக்க வந்தவர் அருந்தவராசா.
காலையில் ஓட்டோவில் மரண அறிவித்தல் முடித்து வந்தவர்.
தொண்டையில் இன்னும் ஆனைக்கோட்டைப் புழுதி.

திரையில் தாடி, கழுகு,
பச்சைத்துணியின் முன் நின்று ஏறிய முகில்.
மின்னலை அவன் ஓங்க
எங்கள் தகரக் கூரைக்கு மேல் உண்மையாகவே இடித்தது.
"நிப்பாட்டுங்கோ அண்ணை, சத்தம் உள்ளுக்க வருது."
மழை விடும்வரை
தேவராசனும் நானும் பிளேன்ரீ குடித்தோம்.

கடைசிக் காட்சியில் அவன் சாகிறான்.
"சாமி சாகுமோ தம்பி?"
"அடுத்த பாகத்தில எழும்பினாலும் எழும்புவார்."
கண்ணை மூடி, பழக்கதோஷத்தில் தொடங்கினார்:

கிரீட் தீவைப் பிறப்பிடமாகவும்
ஒலிம்பஸ் மலையை வதிவிடமாகவும் கொண்ட
சியூஸ் அவர்கள்...
அன்னார் காலஞ்சென்ற குரோனஸின் கடைசிப் புதல்வரும்
ஹேராவின் அன்புக் கணவரும்
(இங்கே ஒரு இருமல்)
எண்ணற்றோரின் பாசமிகு தந்தையும்...

சிரித்து முடிய ஒலிவாங்கியை நிமிர்த்தினேன்.
தாளில் இருந்தது: "நான் போகிறேன்."
செத்தவீட்டு வாசலிலும் அப்படிச் சொல்லாத வாய் அது.
ஏழு தரம் எடுத்தோம்.
ஏழு தரமும், கால்விரலிலிருந்து கல்லாகிக்கொண்டே
தேவர்களின் அரசன் சொன்னான்:
"போட்டு வாறன்."

கொழும்பிலிருந்து ஏசுவார்கள்.
உதடும் சொல்லும் பொருந்தவில்லைத்தான்.
அவனுடைய வாய் கல்லாகி மூடிய பிறகும்
அரை விநாடி
'வாறன்' மட்டும் கேட்கிறது.
வெட்டாமல் விட்டிருக்கிறேன்.