நிற்கும் இடங்கள்

நின்றுவிட்டது.
எழுதிக்கொள்கிறேன்:
ஜூலை ஒன்பது. பல்காஷிலிருந்து நூற்றுப் பதினான்கு கிலோமீட்டர்.
வெயில் முப்பத்தாறு. டாங்கி, முழுசாக நிரப்பியது.
பின்சீட்டில் புகைபோட்ட ஏரிமீன், நாற்பது கிலோ.

தாமிர ஆலையில் பத்தொன்பது வருஷம் கணக்கெழுதிய கை.
கோபம் வந்தால் திட்டத் தெரியாது,
கோடு போடும்.

இந்த லாடா சட்டென்று நிற்பதில்லை.
முதலில் ஒரு தயக்கம்,
இருட்டில் கடைசிப் படியைக் கால் துழாவுவதுபோல.
பிறகு இரண்டு குலுக்கல்.
பிறகு சக்கரங்களின் சத்தம் மட்டும்.
பிறகு அதுவும் இல்லாமல்
புல்வெளி பூராவும் வெட்டுக்கிளி.
அரை மணி உட்கார்ந்திருந்தால் கிளம்பிவிடும்,
ஒன்றுமே நடக்காததுபோல.
அதுதான் எரிச்சல்.

கரகண்டியில் ஏவால்ட் காயிலை மாற்றினான்.
சூடேறினால் காயில் படுத்துவிடும் என்றான். சரி.
அடுத்த வாரம் நூற்றுப் பத்தொன்பதில் நின்றது.
பம்ப்பை மாற்றினான். நூற்றுப் பதினேழு.
கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினான்,
சல்லடையில் ஒரு தூசி,
அதை விரல்நுனியில் வைத்துக் காட்டி
இருபதாயிரம் தெங்கே வாங்கினான்.
நூற்றுப் பதினொன்று.

லாரிக்காரர் ஓரின்பசார் இறங்கி வந்து
பம்ப்மேல் ஈரத்துணி போட்டார்.
"பெட்ரோல் ஆவியாகுது, மெருயெர்த். குளிரட்டும்."
தேநீர் குடித்தோம். மகளின் கல்யாணச் செலவைச் சொன்னார்.
துணி காய்ந்தது. வண்டி கிளம்பியது.
பனையே இல்லாத அந்த வெளியில்
காக்கை உட்கார்ந்தது, பழமும் விழுந்தது.
பேர் துணிக்கு.

நோட்டு வேறு சொன்னது.
பிப்ரவரியிலும் நின்றிருக்கிறது.
மைனஸ் இருபத்திரண்டு. நூற்றுப் பதினாறு.
சூடுதான் குற்றவாளி என்றால்
பிப்ரவரியில் அதற்கு அங்கே என்ன வேலை?

இன்னொன்று:
கையில் காசு போதாமல் முக்கால் டாங்கியோடு புறப்பட்ட
மூன்று தடவையும்
இருநூறு தாண்டித்தான் நின்றிருக்கிறது.
குறைவாக இருந்தால் தூரம் போகிறது,
நிறைய இருந்தால் பட்டினி கிடந்ததுபோல் சாகிறது.
இதன்கீழே இரண்டு கோடு போட்டேன்.

விடை தெரிந்து கேனை எடுக்கவில்லை.
சும்மா நிற்கிற நேரத்தில் கொஞ்சம் ஊற்றிவைப்போமே என்று.
மூடியைத் திருகினேன். வரவில்லை.
இரண்டு கையாலும் திருகினேன்.
அப்போது அது உள்ளே இழுத்தது:
ரொம்ப நேரம் நீருக்கடியில் இருந்த பிள்ளை
தலை தூக்கி வாய்திறந்த சத்தம்.

வண்டி நின்று நாலு நிமிஷம்கூட ஆகவில்லை.
சாவியைத் திருப்பினேன். பிடித்துக்கொண்டது.
துணி இல்லை, தேநீர் இல்லை, கல்யாணச் செலவு இல்லை.
இத்தனை பேர் முன்பக்கம் குனிந்து பார்த்தார்கள்.
நோய் பின்பக்கம் இருந்தது.

ஒருதடவை நடந்ததை நம்பக்கூடாது.
அடுத்த நடை மூடியைத் தளர்த்தியே ஓட்டினேன்.
கரகண்டிவரை நிற்கவில்லை.
மீனில் பெட்ரோல் நாறுகிறதென்று
இரண்டு பேர் திருப்பிக் கொடுத்தார்கள்.
அதையும் எழுதினேன்.

ஞாயிறு காலை வண்டிக்கடியில் படுத்தேன்.
பெட்ரோல் இறங்க இறங்க
காற்று உள்ளே போக ஒரு குழாய் இருக்கிறது,
சுண்டுவிரல் தடிமன்கூட இல்லை.
அதன் வாயில் கறுப்பாகத் தார்.

துருப்பிடிக்காமல் இன்னும் பத்து வருஷம் ஓடட்டும் என்று
அடிப்பக்கம் பூசச் சொன்னது நான்தான்,
போன செப்டம்பரில், பேரம் பேசி.
நோட்டின் முதல் வரி அக்டோபர்.
பக்கத்துப் பக்கத்து மாதங்கள்.
கணக்கெழுதியவளுக்குக் கண்ணில் படவில்லை.

பின்னல் ஊசியால் குத்தினேன்.
மிளகளவு வந்தது.

காயில் புதிது, பம்ப் புதிது,
கார்புரேட்டர் கல்யாணப் பாத்திரம்போல் மின்னுகிறது.
மாற்றாமல் விட்டது அந்தக் குழாய் ஒன்றுதான்.
ஓரின்பசாரிடம் சொல்லவில்லை.
வேறு யாருக்கோ ஈரத்துணி போட்டுக்கொண்டிருப்பார்,
அரை மணியில் அவருக்கும் கிளம்பியிருக்கும்.

நேற்று நூற்றுப் பதினான்கு வந்தபோது
வலது கால் தானாகத் தளர்ந்தது.
பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான்.