இடம்புரி

காக்கி புக்கிட், மூன்றாம் மாடி.
லிஃப்டுக்குள் ஆயிரம் கிலோ என்று எழுதியிருந்தது.
மெஷின் ஆயிரத்து நூறு.
தலை வேறு, மேசை வேறு, உடல் வேறாகக் கழற்றி
மூன்று நடையாக ஏற்றினோம்.
மூன்று நடைக்கும் கட்டட நிர்வாகி மிஸ்டர் பே
எங்கள் பக்கம் திரும்பாமல்
அறிவிப்புப் பலகையையே படித்துக்கொண்டிருந்தார்.

சுங்கை காடுட்டில் ஒரு பட்டறையை மூடியபோது
இரும்பு விலைக்குக் கிடைத்த மில்லிங் மெஷின்.
இங் கோக் செங் தராசில் ஏற்றிவிட்டுத்தான்
பேசவே ஆரம்பித்தார்.
முந்நூற்று நாற்பது வெள்ளி.
கிரேனுக்கு அதைவிட அதிகம்.

கைச்சக்கரத்தைச் சுற்றினால்
கால் சுற்று காற்றோடு போகும்.
அதற்கப்புறம்தான் மேசைக்குக் காது கேட்கும்.
'என் வீட்டுக்காரர் மாதிரி' என்றேன்.
ஹைருல் சிரிக்கவில்லை.
அவனுக்குப் போன மாதம்தான் நிச்சயமாகியிருந்தது.

குற்றவாளி, உள்ளே இருந்த வெண்கல நட்டு.
ஐம்பது வருடம் திருகு கடித்ததில்
மரை பிளேடாக மெலிந்து
விரலைக் கிழித்தது.
செய்த கம்பெனி இப்போது இல்லை.
அந்தக் கம்பெனி இருந்த தெரு
இருக்கிறதோ என்னவோ.

பழைய மெஷின் அங்குலத்தில் பேசுகிறது,
எங்கள் லேத் மில்லிமீட்டரில்.
நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்க்க
நூற்றிருபத்தேழு பல் உள்ள சக்கரம் ஒன்று வேண்டும்.
நூற்றிருபத்தாறு போதாது.
தெம்பனிஸில் ஒருவரிடம் இரவல் வாங்கி வந்தோம்,
ஒரு வாரத்துக்கு, ஒரு டஜன் கறிபஃப்புக்கு.

இரண்டு மாலை.
துளையைப் பெருக்கி, கத்தியைத் தீட்டி,
ஒரு முடியளவு, இன்னும் ஒரு முடியளவு.
எம்ஆர்டியில் எதிரே இருந்த சிறுமி
என் தலையையே பார்த்தாள்.
வீட்டில் சீவியபோது
சீப்பு முழுக்க வெண்கலத் தூள்.

மூன்றாம் மாலை நட்டைத் திருகில் வைத்தேன்.
ஏறவில்லை.
எண்ணெய் விட்டேன். ஏறவில்லை.
ஒரு கெட்ட வார்த்தையும் விட்டேன்.
ஹைருல் திருகை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தான்.
வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு கோப்பி வாங்கிவரக் கிளம்பிவிட்டான்.

அப்போது நானும் பார்த்தேன்,
பள்ளங்கள் எதிர்ப்பக்கமாக ஏறுவதை.
இடம்புரி.
வலப்பக்கம் சுற்றினால்
மேசை நம்மைவிட்டு விலகிப்போக வேண்டும்,
அதற்காக.
என் கையில் இருந்ததோ
அச்சுப்பிசகாத வலம்புரி.
சங்காக இருந்தால் பூசையறையில் வைத்திருப்பார்கள்.

சோற்றுக்கு மட்டும் வலக்கையைப் பழகிக்கொண்ட
இடக்கைக்காரி நான்.
எனக்கல்லவா முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொரு வெண்கல உருளை, தொண்ணூறு வெள்ளி.
இம்முறை கத்தி
உள்ளிருந்து வெளியே நடந்தது.

அது ஆறும்வரை
மேசையின் அடிவயிற்றை மண்ணெண்ணெயால் தேய்த்தேன்.
பிசின் போல் எண்ணெய், அதன் கீழே துரு,
துருவின் கீழே
ஆணியால் கீறிய சீன எழுத்து.
படம் பிடித்து இங் கோக் செங்குக்கு அனுப்பினேன்.
சரக்கு நம்பர், தேதி, சாமி பெயர்,
ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன்.

'ஆ ஹொக்குக்கு மூணு வெள்ளி பாக்கி.'

யார் ஆ ஹொக்?
அவருக்கும் தெரியவில்லை.
கீறியது கடன்காரனா, கொடுத்தவனா?
எழுத்தைப் பார்த்தால் அவசரம் தெரிகிறதாம்.
சாம்பல் பெயின்ட் அடித்தபோது
அந்த இடத்துக்கு மட்டும் டேப் ஒட்டினேன்.

இடம்புரி நட்டு வெண்ணெய் போல ஏறியது.
சக்கரத்தைத் தொட்டதும் மேசை நகர்ந்தது.
தொட்டதும் என்றால்,
இரண்டு கோடு தாமதம்.
அந்த இரண்டையும் பிடுங்க முயன்றால்
இறுகி நின்றுவிடும்.
விட்டுவிட்டேன்.

வலம்புரியை,
கூட்டி அள்ளிய சுருளோடு சேர்த்து,
இங் கோக் செங் தராசில் வைத்தார்.
ஒன்பது வெள்ளி.
அதில் மூன்று
ஆ ஹொக்குடையது.