வீண் வெப்பம்

அசாஹிகாவாவில் சிக்னல் விளக்குகள்
நின்றுகொண்டே வேலை பார்க்கும்.
தெற்கே தோக்கியோவில் படுத்திருப்பவை.
இங்கே படுத்தால் முதுகில் பனி ஏறிவிடும்,
கழுத்து தாங்காது.
மேலே சிவப்பு, நடுவில் மஞ்சள், கீழே
அந்த ஊர்க்காரர்கள் நீலம் என்று சொல்லும் பச்சை.
நீலமாகத் தோலில் குத்திக்கொண்டு
அதைப் பச்சை என்கிற மொழியில் இதை எழுதுகிறேன்;
திருத்த நான் யார்?

பழைய விளக்குக்குள் ஒரு குண்டு பல்பு இருந்தது.
எழுபது வாட்.
ஒளியானது கொஞ்சம்,
மிச்சமெல்லாம் சூடு.
கணக்கில் அதற்கு வீண் என்று பேர்.
அந்த வீண்
கண்ணாடியின் உட்புறம் உள்ளங்கையை ஒட்டியபடி
எத்தனையோ குளிர்காலம் நின்றது.
விழுந்த பனி விழுந்த இடத்திலேயே நீராகிச் சொட்டியது.
ஒழுகாத கூரையை
யார் அண்ணாந்து பார்க்கிறார்கள்?

பிறகு எல்.ஈ.டி. வந்தது.
நல்லதுதான், பொய் சொல்லக்கூடாது.
சாயங்கால வெயில் முகத்தில் அடிக்கும்போது
மூன்றுமே எரிவதுபோல் காட்டிய பழைய ஏமாற்று போனது.
மின்கட்டணம் பாதிக்கும் கீழே.
முதல் டிசம்பரில், மேற்கிலிருந்து ஈரப்பனி அடித்த இரவில்,
மூன்று கண்ணிலும் பூளை கட்டி
நகரமே குருடாக நின்றது.

வடிவத்தை மாற்றினார்கள்.
நெற்றிமேல் இருந்த தொப்பி விளிம்பை எடுத்தார்கள்.
சிலேட்டுப் பலகை அளவுக்கு இளைக்கவைத்து
இருபது டிகிரி முன்னால் சாய்த்தார்கள்.
கடைவாசலில் வாடிக்கையாளருக்குக் குனிவார்களே
ஏறக்குறைய அந்த அளவு.
பனி வழுக்கி விழ வேண்டும் என்பது கணக்கு.
பனிக்கும் மரியாதை தெரியும் ஊர்;
அதுவும் குனிந்து
கீழிருந்து மேலே அப்பியது.

ஆகவே மூன்று நாற்பதுக்கு
தொகாஷி மகிகோ வேனிலிருந்து இறங்குகிறாள்.
ஐந்து மீட்டர் ஃபைபர் கழி,
நுனியில் குளியலறைத் தரையைத் தள்ளும் ரப்பர்,
அதைச் சுற்றிச் சைக்கிள் டியூப்.
எந்த வரைபடத்திலும் இல்லாத உதிரிபாகம்.
கூட வந்த நுகாசாவா
வண்டி வருகிறதா என்று பார்க்கவேண்டியவன்,
பன் தின்கிறான்.

சந்திப்பில் ஒரு தோஃபு வண்டி நிற்கிறது.
நான்கு பக்கமும் ஆள் இல்லை, நாய் இல்லை.
எதிரே விளக்கு முழுக்க வெள்ளை.
ஓட்டுநர் ஊகாய், இருபத்து மூன்று வயது,
இரண்டு கையும் ஸ்டியரிங்கில்.
"எவ்வளவு நேரமாக?"
"தெரியவில்லை. மாறியிருந்தால் தெரியுமே என்று."

கீழிருந்து தொடங்கினாள்.
ஒரு குத்து. கட்டி பெயர்ந்து அவள் தோளில் விழ,
நீலம்!
போகலாம் என்றுதான் இருந்திருக்கிறது.
ஊகாய் கியர் போட்டான். சக்கரம் பனிக்கட்டியில்
நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றி,
பிடிமானம் கிடைத்த நொடியில்
நீலம் அணைந்தது.
அதற்குமேல் என்ன எரிகிறது என்று
யாருக்கும் தெரியாது.
பிரேக்.
நடுக்கண்ணைத் துடைத்தாள். இருட்டு.
மேல்கண்ணைத் துடைத்தாள். சிவப்பு.
மூன்று பேர் வாயிலிருந்தும் ஒரே சமயம்
சிரிப்பு ஆவியாக வந்தது.

சிவப்புக்கு ஐம்பது வினாடி.
கண்ணாடியை இறக்கி
சோயாப்பால் பாட்டில் ஒன்று நீட்டினான்,
வடித்த சூடு ஆறாதது.
மகிகோ அதை ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டாள்,
வயிற்றுக்கு நேராக.
குடிக்கவில்லை.

வேனில் நுகாசாவா சொன்னான்:
"கண்ணாடிக்குள் சூடேற்றுகிற கம்பி வரப்போகிறதாம்.
எங்கோ வைத்துப் பார்க்கிறார்களாம்."
"எத்தனை வாட்?"
அவனுக்குத் தெரியவில்லை.
பதிவேட்டில் எழுதினாள்:
மூன்று முகம், ஆறு நிமிடம்.
சூடு என்று ஒரு பத்தி அதில் கிடையாது.
இன்னும் நாற்பத்தொரு சந்திப்பு.
பக்கக் கண்ணாடியில்
தோஃபு வண்டி திரும்பிப் போவது தெரிந்தது,
அதற்குப் பின்னால் விளக்கின் கீழ்க்கண்ணில்
முதல் செதில் வந்து உட்கார்ந்து
உருகாமல் இருந்தது.