பத்துக்கு நாலு

சிம்மக்கல் பழைய புத்தகக் கடையில்
முப்பது ரூபாய்க்கு வாங்கிய நாவல்.
அட்டையில் மழை, ஒரே குடை.
அவளைப் பார்த்த மாத்திரத்தில் அவனுக்குப்
போன பிறவி ஞாபகம் வந்துவிடுகிறது.
'உனக்கென்றே பிறந்தேன்' வரிக்குக் கீழே
யாரோ பென்சிலால் கோடு போட்டிருக்கிறார்கள்,
தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி.

எங்களுக்குப் பத்துக்கு நாலு பொருத்தம்தான்.
ஜோசியர் கட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்,
காபியைக் குடித்துவிட்டு எழுந்து போனார்.
பெண் பார்க்க வந்த அன்று
சோலைராஜ் என்னைவிட அதிகம் பார்த்தது
சுவரில் ஓடாமல் நின்ற கடிகாரத்தை.
செருப்பு மாட்டும்போது கேட்டான்:
"பேட்டரி மாத்தணுமா?"

மின்னல் ஒன்றும் வெட்டவில்லை.

ஆறு வருஷம்.
லேபில் என் ஷிப்ட் முடிய இரண்டு மணி.
சித்திரை வெயில், கோரிப்பாளையம் சிக்னல்.
கோட்டுக்கு இருபதடி முன்னாலேயே
வண்டியை நிறுத்துகிறான்,
ஒற்றை வேப்பமரத்தின் குட்டை நிழல்
பின் சீட்டில் விழும்வரை
காலால் உந்தி உந்தி.
ஹேண்டில்பாரும் அவன் கைகளும் வெயிலில்.
பின்னால் ஆட்டோக்காரர் கத்துகிறார்:
"யோவ், முன்ன போய்யா!"
இவனுக்குக் காது கேட்பதில்லை.

ஏன் என்று நான் கேட்டதுமில்லை.
கேட்டால் கூச்சப்பட்டு
நாளைக்குக் கோட்டிலேயே போய் நின்றுவிடுவான்.

நாவலில் இன்னும் நாற்பது பக்கம்.
எப்படியும் சேர்ந்துவிடுவார்கள்.
நேற்று ராத்திரி பென்சில் எடுத்தேன்,
கோடு போட ஒரு வரியும் அகப்படவில்லை.
கடைசித் தாளின் காலி இடத்தில் எழுதினேன்:
கோரிப்பாளையம், மதியம் இரண்டே கால், வேப்பமரம்.

அடுத்து வாங்குகிறவர்
ஏதோ விலாசம் என்று நினைத்துக்கொள்ளட்டும்.