பதினோராவது பலகை

ஒன்பது மணிக்குக் கிளம்புவதாகத்தான் பேச்சு.
லாரட் மாப்ஸின் ஹெரால்டு முரண்டு பிடித்ததில்
பத்தே முக்கால் ஆகிவிட்டது.
பதினாறு கார்கள்,
எல்லாம் எங்களைவிடச் சத்தமாக இருமுபவை.
கிராஸ்விக் தேவாலய வாசலிலிருந்து
ஒவ்வொன்றாய் ஊர்ந்து வெளியேறும்வரை
எதிரே நின்ற டிராக்டர்காரன்
என்ஜினை அணைத்துவிட்டு
ஆப்பிள் தின்றுகொண்டிருந்தான்.

வழித்தாள் என் மடியில்.
'இடப்பக்கம் கோதுமை, வலப்பக்கம் பன்றிப் பண்ணை,
மூன்றாவது திருப்பத்தில் முதல் உலகப்போர்' என்று வாசித்தேன்.
'எந்தத் திருப்பம்?' என்றார் டெஸ்மண்ட்,
அதைத் தாண்டிய பிறகு.

புல்திடலில் ஒரு கற்சிலுவை.
பதினான்கு பெயர்கள். அதில் நான்கு லார்வுட்.
அண்ணன் தம்பிகளா, சித்தப்பா பிள்ளைகளா,
கல் சொல்லவில்லை.
மழை தின்ற ஓரிடத்தில்
ஒருவனுக்கு முதலெழுத்து மட்டும் மிச்சம்.
செயலாளர் ப்ரூடன்ஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு
எல்லாப் பெயரையும் படித்தார்.
எழுத்து மட்டும் மிஞ்சியவனிடம் வந்தபோது
அந்த எழுத்தையே படித்தார், முழுப் பெயர் போல,
அவசரப்படாமல்.

அடுத்தது சர்க்கரைக்கிழங்கு வயலின் மூலையில்
அறுகோணமாய் ஒரு காவற்கூடு.
எதிரி வருவான் என்று கட்டியது. வரவில்லை.
குண்டு துளைக்காத சுவருக்குள் இப்போது
ஒரு புல்வெட்டும் இயந்திரம்,
சக்கரம் கழன்ற குழந்தை வண்டி,
யாரோ சுருட்டி வைத்த கிறிஸ்துமஸ் விளக்குச் சரம்.
ஆப்ரி உள்ளே புகுந்து
துப்பாக்கித் துளையில் முகத்தை வைத்தார்.
படம் எடுத்தோம். தொப்பியைச் சரிசெய்யச் சொன்னோம்.
'இங்கேயிருந்து நம்ம கார்கள் தெரியுது' என்றார்.
'வரிசையா. ஒண்ணு விடாம.'
அதற்குமேல் அந்த இடத்தில் யாரும் படம் எடுக்கவில்லை.

மதியச் சாப்பாடு பழைய விமானத் தளத்தில்.
ஓடுபாதை நெடுக வான்கோழிக் கொட்டகைகள்.
காற்று திசை மாறும்போதெல்லாம்
சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தோம்.
வேலியோரம் பண்ணைக்காரர் நட்ட சிறு கல்,
திரும்பி வராத விமானங்களின் எண்ணிக்கை மட்டும் அதில்.

கிளமென்ட் பன் தன் ஆம்புலன்சின்
பின்கதவுகளைத் திறந்து வைத்திருந்தார்.
போர்க்காலத்து வண்டி. ஏழு வருட உழைப்பு.
என்ஜின் ஓரிடத்தில் கிடைத்தது,
கதவு இன்னோரிடத்தில்,
பச்சை நிறத்துக்கு மட்டும் நான்கு கடை ஏறி இறங்கினார்.
இதையெல்லாம் அவர் சொல்லி முடிக்குமுன்
பண்ணைக்காரரின் மகள்,
ஒன்பது வயதிருக்கும், முழங்காலில் சேறு,
கேட்டுவிட்டாள்:
'இதுல எத்தனை பேர் செத்தாங்க?'

நாங்கள் எல்லோரும்
தேநீர்க் குடுவையைத் திறப்பதில் மும்முரமானோம்.

கிளமென்ட் ஏறி உள்ளே போனார்.
ரப்பர் விரிப்பைச் சுருட்டினார்.
தரையில் புதுப் பலகைகள், தேன் நிறத்தில்.
பதினொன்றாவது மட்டும் கறுப்பு.
'மத்ததெல்லாம் மாத்திட்டேன்' என்றார் அவளிடம்.
'எண்ணெயாக்கூட இருக்கலாம்.'
'பரிசோதிச்சுப் பாக்கலையா?'
'இல்லை.'
அவள் குனிந்து பார்த்தாள். தொடவில்லை.
பிறகு வான்கோழிகளுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டாள்.

அன்றைய சிறந்த கார் வாக்கெடுப்பில்
மாப்ஸின் ஹெரால்டு வென்றது,
காலையில் தள்ளியவர்கள் எல்லோரும்
அதற்கே போட்டிருக்க வேண்டும்.

திரும்பும்போது ஆம்புலன்சுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம்.
இருபத்தெட்டு மைல் வேகம்.
சாலை நேராகத்தான் கிடந்தது, எதிரே ஈ காக்கை இல்லை.
டெஸ்மண்ட் முந்தவில்லை.
நானும் ஏனென்று கேட்கவில்லை.
ரயில்வே கடவில் கிளமென்ட் மேலும் தணிந்து
தண்டவாளத்தின் மேல்
ஒவ்வொரு சக்கரமாய் ஏற்றி
ஒவ்வொரு சக்கரமாய் இறக்கினார்.
பின்பக்கத்தில் ஒரு மடக்கு நாற்காலியும்
மிச்ச ரொட்டியும்தான் இருந்தன.

எங்கள் முறை வந்தது.
டெஸ்மண்ட் கியரை மாற்றினார்,
சத்தமே வராமல்.