பாலாடையின் மூக்கு

நூற்றிருபது ரூபாய்க்கு எவர்சில்வரில் கிடைக்கும்,
வள்ளியூர் மெடிக்கலில் பார்த்தேன் என்றாள் அண்ணி.
கிடைக்கும்தான்.
ஆவுடையப்ப ஆசாரி நிமிராமலே
"கல்யாண வேல கெடக்கு, வியாழக்கெழம வாங்க" என்றதும்
எனக்கொரு வீம்பு பிடித்துக்கொண்டது.
எட்டாம் மாதமே வந்துவிட்ட தங்கச்சி பிள்ளைக்கு
உறிஞ்சத் தெரியாது, விழுங்க மட்டும் தெரியும்.
வியாழக்கிழமை என்றால் அவனுக்கு என்ன தெரியும்?

வெள்ளிப்பொடி மட்டும் கேட்டு வாங்கினேன்,
சீரகம் மடிக்கிற அளவுத் தாளில்.
வெண்காரம் நாட்டு மருந்துக் கடையில்.
கட்டிலுக்கடியில் இவருடைய ஃபிரிட்ஜ் ரிப்பேர் பெட்டி,
டார்ச், சிலிண்டர், ஒரு கட்டுப் பற்றுக்குச்சி.
குச்சியில் காட்மியம் உண்டென்று கவரே சொல்கிறது.
செப்புக் குழாய்க்கு ஆகும். பாலுக்கு ஆகாது.
நான் கெமிஸ்ட்ரி படித்தவள்;
இப்போது பனகுடியில் வீடு வீடாய்
எல்.ஐ.சி. தவணை வாங்குகிறவள்.

மொட்டைமாடியில் ஆனிக்காற்று.
காற்றாலைகளுக்குச் சோறு போடும் காற்று
என் தீயைச் சாய்த்துச் சாய்த்துக் குடித்தது.
இறங்கி வந்து குளியலறையில்
இரும்பு வாளியைக் கவிழ்த்து மேலே ஒரு செங்கல்.
பொடி பரவவில்லை. காய்ந்த தோசைக்கல்லில்
தண்ணீர் தெளித்தாற்போல உருண்டு உருண்டு ஓடிற்று.
கட்டைவிரல் எண்ணெய் போதும்,
வெள்ளி முகம் திருப்பிக்கொள்ள.

புளி போட்டுத் தேய்த்தபோதுதான் கண்டேன்:
மூக்கின் அடியில் சாம்பல் நிறமாய் ஒரு திட்டு.
நகம் வைத்தால் நகம் பதிகிறது.
ஈயம்.
யாரோ எந்த அவசரத்திலோ வைத்த ஈயம்.
இதன் மேல் வழிந்துதான் எனக்குப் பால் வந்திருக்கிறது,
பிரைசிக்கும், அண்ணனுக்கும்.
பன்னிரண்டாம் வாய்ப்பாடு இன்னும் எனக்குத் தடுக்குவதை
இதன் கணக்கில் எழுதலாமா?

சூடு பட்டால் ஈயம் வெள்ளியைத் தின்னும்,
இருக்கிற விரிசலைப் பொத்தலாக்கும்.
சவர பிளேடால் அரைமணி நேரம் சுரண்டினேன்.
சுரண்டியதைக் கொட்ட இடம் தெரியாமல் மடித்து
கோழிக்கு எட்டாத பரணில் வைத்தேன்.

ஏழு மணிக்குக் கரண்ட் போனது.
நல்லதாய்ப் போயிற்று.
விளக்கு எரிந்தால் வெள்ளி தன் சூட்டைச் சொல்லாது.
வெண்காரம் பொரியாய்ப் பொங்கி, அமுங்கி, கண்ணாடியானது.
பொடிக்குத் தீ காட்டக் கூடாது,
பாத்திரத்துக்குக் காட்ட வேண்டும்;
சூடு எங்கேயோ அங்கே பொடி தானே போகும்.
முதலில் ஒன்றுமில்லை.
பிறகு நாவல்பழத் தோல்.
பிறகு இருட்டுக்குள் ஒரு கொல்லாம்பழம்.
இன்னும் ஒரு மூச்சு பொறுத்தால்
மூக்கே ஒழுகிவிடும் என்று கை நடுங்கும்போது
பளிச்சென்று ஒரு கோடு
விரிசலுக்குள் ஓடி ஒளிந்தது.
அணைத்தேன். அணைத்த பிறகுதான் மூச்சு விட்டேன்.

அழகில்லை. எலுமிச்சையில் கொதிக்க வைத்தும்
தழும்பு தழும்புதான்,
நடுவில் கரையாத ஒரு மணி, மரு மாதிரி.
தண்ணீர் நிரப்பி நேற்றைய பேப்பர் மேல் வைத்தேன்.
பதினொரு மணிக்கு வந்தவர் கேட்டது ஒன்றுதான்:
"கேஸ யாருளா காலி பண்ணுனது?"
காலையில் பேப்பரில் ஈர வட்டம். நெஞ்சு திக்கென்றது.
அவர் வைத்த டீ கிளாஸ்.

வார்டில் பிரைசி சிரித்தாள்.
"பத்து மில்லி குடிச்சிட்டான்க்கா."
அவள் கையில் எவர்சில்வர்.
அண்ணி முந்தின நாளே வாங்கிக் கொடுத்திருக்கிறாள்.
நல்லது என்றேன். நல்லதுதானே.

திரும்பும் பஸ்ஸில், ரசீதுப் புத்தகத்துக்கு மேலே
துணிக்குள் கிடந்ததை எடுத்து
பாட்டில் தண்ணீரை ஊற்றி
அண்ணாந்து நானே குடித்தேன்.
எலுமிச்சை லேசாய் இருந்தது.
பணகுடி விலக்கு வரை மூன்று தரம் குடித்தேன்,
பக்கத்து சீட்டுக்காரர் பார்க்கப் பார்க்க.
சேலையில் ஒரு சொட்டு இல்லை.