ரூட்டுக்கு வந்த அஞ்சல்

புந்தா அரேனாஸில் காற்று மிஞ்சும் நாளில்
தெருமுனைகளில் கயிறு கட்டிவிடுவார்கள்.
இன்று அதைப் பிடித்துக்கொண்டுதான் வேலைக்கு வந்தேன்.
நண்டுக் கிடங்கின் பின்னறையில்
அட்டைப்பெட்டி அடுக்குக்கும் பழைய தராசுக்கும் நடுவே
எங்கள் சர்வர்.
உள்ளே நுழைந்ததும் அது சொல்லும் முதல் வாக்கியம்:
உங்களுக்கு அஞ்சல் வந்திருக்கிறது.

எனக்கில்லை, ரூட்டுக்கு.
ரூட் என்றொரு ஆள் இங்கே இல்லை,
சம்பளப் பட்டியலில் தேடியாயிற்று.
ஆனாலும் அவன் பேருக்கு
நாற்பத்தோராயிரத்துச் சொச்சம் கடிதங்கள்.

எழுதுவதெல்லாம் யெர்கோ விட்டுப்போன ஸ்கிரிப்டுகள்.
யெர்கோ பிப்ரவரியில் நத்தாலெஸுக்குப் போய்விட்டான்,
சால்மன் பண்ணையில் இரண்டு மடங்கு சம்பளம்.
கடவுச்சொல்லை சிகரெட் அட்டையில் எழுதிக் கொடுத்தான்.
"எல்லாம் தானாக ஓடும், நெலிதா. தொடாதே."

தானாகத்தான் ஓடுகிறது.
கால் மணிக்கு ஒருமுறை
மூன்றாம் குளிரறையின் வெப்பமானியை நலம் விசாரிக்கிறது.
மூன்றாம் குளிரறையை இடித்து
லாரி நிறுத்த இடம் செய்து
இது இரண்டாவது குளிர்காலம்.
பதில் இல்லை, என்று ரூட்டுக்கு எழுதுகிறது.
பதில் இல்லை.
பதில் இல்லை.
ஞாயிற்றுக்கிழமையும் எழுதுகிறது.
பாவம், தேதி மட்டும் மாற்றிக்கொள்ளத் தெரிகிறது.

நான் கண்டுகொள்ளவே இல்லை.
வாசலில் நிற்பவனைத் தாண்டிப் போவதுபோல
ஆறு மாதமும் அந்த வாக்கியத்தைத் தாண்டிப் போனேன்.

பதினொரு மணிக்கு தோன் ஒஸ்வால்தோ கதவை உடைக்காத குறை.
எடைச்சீட்டு அச்சாகவில்லை,
படகுக்காரர்கள் கீழே திட்டுகிறார்கள்,
கூடையில் நண்டு காலை ஆட்டுகிறது.
பார்த்தால் டிஸ்கில் ஊசி முனைக்கும் இடமில்லை.
எல்லாம் கடிதம்.

வழி இரண்டு இருந்தது.
பெறுநர் பெயர் வரும் இடத்தில்
இரண்டு மேற்கோள் குறி, நடுவே ஒன்றுமில்லை:
அத்தோடு எல்லா வாயும் அடைந்துவிடும்.
அல்லது எதைப் போட்டாலும் நிறையாத அந்தக் குழி.
நல் என்று பெயர்.
நல்லதுதான்.

விரல் வைத்தேன். எடுத்துவிட்டேன்.
இந்த ஊர்ப் பழக்கம்:
கூடையை அப்படியே கொட்டமாட்டோம்.
பெண் நண்டைப் பார்த்து எடுத்துக் கடலுக்கு விட்டபிறகுதான் மற்றது.
கடிதங்களைத் தலைப்பு வாரியாகப் பிரித்தேன்.

பதில் இல்லை, பதில் இல்லை, பதில் இல்லை,
அதன் அடியில் நசுங்கிக் கிடந்தது வேறொரு குரல்.
நாளுக்கு ஒன்று.
விடியற்காலை இரண்டு பத்துக்கு,
பேக்கப் முடிந்தது.
பேக்கப் முடிந்தது.
பிப்ரவரி பதினொன்று வரைக்கும்.

இது ஆகஸ்ட்.

ஓயாமல் கத்தியவனுக்குச் சொல்ல ஒன்றுமில்லை.
சொல்ல இருந்தவன் பேச்சை நிறுத்தியது
அந்தக் கத்தலில் கேட்கவில்லை.

சர்வருக்குப் பின்னால் முழங்காலிட்டுத் தவழ்ந்தேன்.
பேக்கப் டிஸ்கின் பிளக் தரையில், தூசியில்.
அது இருந்த துளையில்
என் மாத்தே கெண்டி.

பிப்ரவரி பன்னிரண்டு. இங்கே என் இரண்டாம் நாள்.
பெயர் ஒட்டாத ஒரு பிளக்கை
யாருக்கு வேண்டும் என்று பிடுங்கியது
இதே கைதான்.

குளிரறைக்காரனை நிறுத்தினேன். குவியலை அழித்தேன்.
எடைச்சீட்டு கரகரவென்று வரத் தொடங்கியது.
ரூட் என்ற பெயர் இருந்த இடத்தில் என் பெயரை எழுதினேன்.
சரியாக முடிந்தால் ஒரு வரி போதும்,
முடியாவிட்டால் எழுது,
ஒரு நாள் முழுக்க எவனாவது எழுதாமல் இருந்தால்
அதையும் எழுது.

"என்னதான் கோளாறு?" என்றார் தோன் ஒஸ்வால்தோ.
"அஞ்சல் அதிகம்" என்றேன்.
பொய்யில்லை.

இரவு வீட்டுக்குப் போகவில்லை.
பச்சைத் தண்ணீரில் மாத்தே இலை ஊறவே மாட்டேன் என்கிறது.
தகரக் கூரையைக் காற்று பிடித்து உலுக்குகிறது.
இரண்டு பத்து. இரண்டு பதினொன்று.
இரண்டு நாற்பதுக்கு வந்தது,
ஆறு மாதத்தையும் ஒரே மூச்சில் சுமந்த களைப்போடு:
பேக்கப் முடிந்தது.

இரண்டு முறை படித்தேன்.
கெண்டியைப் பற்றி
நான் இன்னும் யாருக்கும் எழுதவில்லை.